உடல் எங்கே போகிறது?

மெய்நிகர் மைதானம் – 11

பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம்களில் பணமும் பொருளும் எப்படிப் புழங்குகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் சாவு. அம்பாறை மாவட்டத்தின் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் பெற்றோரிடம் பேச்சுக் கொடுத்தால் வருகிற குறை ஒன்றுதான்: செத்துச் செத்து எழும்புகிற விளையாட்டை ஆடி ஆடிப் பிள்ளைகளுக்கு மௌத்தின் பயமே விட்டுப்போயிற்று. குறையில் உண்மை இருக்கிறது. விரல் நீட்டுகிற இடம்தான் பிழை. 1986இல் ஜப்பானில் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’டில் நாயகன் செத்தால் அரசன் முன்னே மறுபடி எழுந்து நிற்பான், கையிலிருந்த பொன்னில் பாதி போயிருக்கும். அதற்குப் பின்வந்த கேம்களில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டையே சற்று மாற்றிப் போட்டுக்கொண்டன. இதை மறுமை பற்றிய கொள்கையாக வாசிக்க வேண்டியதில்லை. கேரம் ஆட்டத்தில் ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தால் ஒரு காயைத் திருப்பி வைக்கிறோமே, அந்த மாதிரியான தண்டம் இது. உயிர் கொடுப்பது அல்லாஹ் ஒருவனுக்கே உரியது என்ற மார்க்க ஆட்சேபணையையும் மதிக்கிறேன். ஆனால் ரூஹே இல்லாத ஒரு படத்தை ஆட்டத்தின் தொடக்கத்துக்குத் திருப்பி அனுப்புவதை உயிர்ப்பித்தல் என்று எடுத்துக்கொண்டால், அந்தக் கேமுக்கு அது கேட்காத பெருமையை நாமே கொடுத்தவர்களாவோம். பத்து வயதுப் பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் தெரியும்.

உறுத்த வேண்டியது மற்றவர்களின் உடல். பழைய கேம்களில் வெட்டுண்ட எதிரி ஒருமுறை மின்னி மறைவான்; கொஞ்சம் பொன்னும் கொஞ்சம் அனுபவப் புள்ளியும் மிஞ்சும். அன்றைய கணினிகளின் நினைவகம் சிறியது, கிடக்கும் உடல்களையெல்லாம் வைத்திருக்க இடமில்லை என்பது நியாயமான காரணம்தான். இடம் கிடைத்த பிறகு நடந்ததைப் பாருங்கள். 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’மில் உடல் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. கிட்டப் போனால் திறப்பது அதன் பை: காசு, கத்தி, செருப்பு, உடுத்தியிருக்கும் உடுப்பு வரைக்கும் உருவி எடுக்கலாம். அந்த உலகத்தின் நகரங்களில் மரித்தோருக்கென்று மண்டபங்களும் அவற்றைப் பார்த்துக்கொள்ளப் பூசாரிகளும் உண்டு என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் கொன்றவனிடம், இந்த உடலை அங்கே கொண்டுபோய்ச் சேர் என்று ஆட்டத்தின் விதி எதுவும் கேட்பதில்லை. இந்த வகைக் கேம்கள் சாவைச் செத்தவனின் நட்டமாகவும் கொன்றவனின் வரவாகவும் மட்டுமே கணக்குப் பார்க்கின்றன. உயிரோடு மிஞ்சியவர்களின் தலையில் ஒரு சாவு ஏற்றிவைக்கும் வேலையை அவை எழுதுவதில்லை. சாவு அங்கே லேசாகிப் போவது இதனால்தான் என்பது என் வாதம்.

கல்முனைக்குடியில் அந்த வேலைக்கு வரையறை உண்டு. குளிப்பாட்டுவது, கபனிடுவது, தொழுவிப்பது, அடக்குவது, இந்த நான்கும் பர்ளு கிபாயா. ஊரில் யாராவது சிலர் செய்தால் எல்லோர் கடனும் தீரும். ஒருவரும் செய்யாவிட்டால் முழு ஊரும் குற்றவாளி. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்ட கணத்திலிருந்து சந்தூக்கு மையவாடியை அடையும் வரைக்கும் அந்தக் கடன் பொதுக் கணக்கில்தான் இருக்கிறது. அடக்கியதோடு எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை: கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். கரையோர ஊர்கள் அன்று ஒருவரையொருவர் தேடியதில் பாதி, உடல்களைத் தேடியதுதான். உடலே கிடைக்காதவர்கள் விஷயத்தில் என்ன செய்வது என்று கேட்கலாம். தூரத்தில் மௌத்தானவருக்காகக் காயிப் ஜனாஸா தொழ ஷாபிஈ மத்ஹபில் இடமிருக்கிறது. உடல் கண்முன் இல்லை என்பதால் கடன் இல்லாமல் போய்விடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

2020இல் வந்தது இன்னும் கடுமையான சோதனை. கொவிட்டால் இறந்தவர்களைத் தகனம்தான் செய்யவேண்டும் என்று ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்வதாலும் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் எடுபடவில்லை. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதை எதிர்த்த மனுக்களைக் காரணம் சொல்லாமலே தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில் பிறந்து இருபது நாளே ஆன ஒரு குழந்தையும் எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயான வாசலில் மக்கள் வந்து வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள்; கபன் துணி என்பது யாருக்கும் விளங்கியது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அனுமதி கிடைத்து, மார்ச் 5ஆம் திகதி முதல் தீவின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஜனாஸாக்கள் ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு வந்தன. 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். அவர்களில் பிற மதத்தவரும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. தகனம் கட்டாயமாயிருந்த அந்தப் பத்து மாதமும் எவரும் இறந்தவரைத் திருப்பித் தா என்று கேட்கவில்லை. அடக்குகிற கடமையைத்தான் கேட்டார்கள்.

இந்தக் கடமையை ஒரு கேமால் விதியாக்க முடியுமா? முடியும்; 1981இலேயே நடந்திருக்கிறது. கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் எழுதிய ‘விசார்ட்ரி’யில் உங்கள் ஆறு பேர் கொண்ட குழு நிலவறையில் அழிந்தால், உடல்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். புதிதாக ஒரு குழுவைத் திரட்டி அனுப்பித்தான் மீட்க வேண்டும். ஓர் உடல் ஓர் ஆளின் இடத்தைப் பிடிக்கும். ஆகவே போகும்போதே குறைந்த ஆட்களோடு, ஆபத்தைத் தெரிந்துகொண்டு இறங்கவேண்டும். கோயிலில் காசு கட்டி உயிர்ப்பிக்க முயன்றால் சாம்பலாகலாம், இரண்டாம் முறையும் தவறினால் அந்த ஆள் என்றைக்குமாகப் போய்விட்டான். வளர்த்தெடுத்த ஆளை இழக்க மனமில்லாத சுயநலம்தானே இது, கடமையா என்று கேட்டால் மறுக்கமாட்டேன். ஆனாலும் ஒரு சாவுக்காக இன்னொருவர் நடக்கவேண்டியிருக்கிறது, சுமக்கவேண்டியிருக்கிறது. 1997இன் ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’இல் நாயகனின் குழுவில் ஒருத்தியான ஏரித் கொல்லப்பட்டபோது, சில நூறு காசுக்குக் கடையில் விற்கும் உயிர்ப்பு மருந்து அவளுக்கு ஏன் உதவவில்லை என்று ஆடியவர்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாவு மனதில் நிற்பதற்குக் கதையின் அதிர்ச்சியைக் காரணமாகச் சொல்வார்கள். நாயகன் அவள் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு போய்த் தண்ணீரில் விடுகிறான். எனக்கு அதுதான் காரணமாகப் படுகிறது. குறை என்னவென்றால், அங்கே நாம் வெறும் பார்வையாளர்கள்.

பொழுதுபோக்குக்கு ஆடுகிறவன் தலையில் இப்படிச் சுமை ஏற்றலாமா என்பது வலுவான ஆட்சேபணை. ‘ஃபயர் எம்ப்ளம்’ வரிசையில் செத்த வீரன் திரும்ப வருவதில்லை. பலர் ஆட்டத்தை அணைத்து முதலிலிருந்தே தொடங்கினார்கள். 2010இல் தயாரிப்பாளர்களே இறங்கிவந்து, அடுத்த களத்தில் எல்லோரும் எழும்பிவரும் இலகு முறையைச் சேர்த்தார்கள். ஆனால் அதே ஆட்டக்காரர்கள் விதி கேட்காமலே செய்திருப்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’டில் 2006இல், நிஜத்தில் இறந்துபோன ஒரு சக ஆட்டக்காரருக்காகத் திரைக்குள்ளேயே அஞ்சலிக்குக் கூடினார்கள். எதிரணி புகுந்து அத்தனை பேரையும் வெட்டிச் சாய்த்தது. போர் அனுமதிக்கப்பட்ட இடம்தானே, விதிப்படி சரி என்பது அவர்கள் பக்க வாதம். விதிப்படி சரிதான். துக்கத்துக்கு வந்தவன் என்ற ஆளையே அந்த விதி அறியாது. அதே கேமில் ஆண்டுக்கணக்காகப் பழகிய நோர்வே இளைஞர் மாட்ஸ் ஸ்டீன், தசைச்சிதைவு நோயால் 2014இல் தன் 25ஆம் வயதில் இறந்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்தான் என்று நினைத்திருந்த பெற்றோருக்குக் கடிதங்கள் குவிந்தன. நேரில் கண்டிராத சில தோழர்கள் இறுதிச் சடங்குக்கே வந்து சேர்ந்தார்கள்.

அப்படியானால் குளிப்பாட்டுவதையும் அடக்குவதையும் பொத்தான்களாக்கிவிட்டால் ஆயிற்றா? அது இதைவிட மோசம். 2018இன் ‘கிரேவ்யார்ட் கீப்பர்’ மையவாடிக் காவலனைத்தான் நாயகனாக்கியது. அதில் உடலை அறுத்து இறைச்சியை விற்கலாம், ஆற்றிலும் தள்ளலாம். கிண்டலாக எழுதிய கேம் என்று தெரிந்தாலும், சடங்கு லாபக் கணக்குக்குள் வந்தால் என்னவாகும் என்பதை அது ஒளிக்காமல் காட்டுகிறது. ஜனாஸாவைத் திரையில் காட்டும்படி நான் கேட்கவில்லை, காட்டாமலிருப்பதே நல்லது. குழுவில் ஒருவன் விழுந்தால், யாராவது ஒருவர் திரும்பிப் போய் அவனைத் தூக்கி வரும்வரை மற்றவர்களுக்கு அடுத்த ஊரின் வாசல் திறக்காது என்று ஒரேயொரு வரி விதி போதும். பொன்னும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம். யார் போவது என்பதை ஆடுகிறவர்களே தங்களுக்குள் பேசி முடிவெடுக்கட்டும்.