ஜிரா அட்மின் பொறுப்பு உங்க தலையில விழுந்துடுச்சா? முதல் மாசம் இதை மட்டும் பண்ணுங்க!

"நம்ம அட்மின் வெள்ளிக்கிழமையோட கிளம்புறார். இனிமே ஜிராவை நீங்கதான் பார்த்துக்கணும்!"

மேனேஜர் இப்படிச் சொன்னதும் புரமோஷன் கிடைச்ச மாதிரிதான் இருக்கும். திங்கட்கிழமை காலையில 'டிக்கெட் போட முடியலை', 'எங்க டீம் போர்டைக் காணோம்' என்று வரிசையாக மெசேஜ் வரும்போதுதான் விஷயம் புரியும்.

அட்லாசியன் நிறுவனம் 2002-ல் வெளியிட்ட மென்பொருள் ஜிரா. காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான 'கோஜிரா'விலிருந்து வந்த பெயர் இது. பல வருஷமாகப் பலர் கைவெச்ச ஜிராவும் கிட்டத்தட்ட அப்படியொரு ராட்சசன்தான். எப்படிச் சமாளிப்பது?

கிளம்புறதுக்குள்ள கேட்டு வாங்குங்க!

வேலையை விட்டுப் போறவரோட கணக்கை முடக்குவது பாதுகாப்புக்கு அவசியம். ஆனா, பல ஆட்டோமேஷன்கள் அவர் பெயரில் ஓடிட்டிருக்கலாம். வேறு மென்பொருள்களுடன் இணைக்கும் டோக்கன், போர்டுக்கு அடிப்படையான ஃபில்டர், புது டிக்கெட் தானாகப் போய்ச் சேரும் நபர்... எல்லாமே அவராக இருக்கலாம். கணக்கை மூடினால் இவற்றில் சில படுத்துடலாம். அதனால, அவர் இருக்கும்போதே பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக மாற்றிடுங்க. தனிநபர் பெயருக்குப் பதிலா ஒரு பொதுக் கணக்குக்கு மாற்றினால், அடுத்த முறை இந்தத் தலைவலியே வராது.

அழிக்கும் ஆசையை அடக்குங்க!

ஒரே மாதிரி நாலு ஃபீல்டு இருக்கும். பார்த்ததும் கை அரிக்கும். பொறுங்க! அதுல ஒண்ணை நம்பித்தான் யாரோ ஒருவரின் மாதாந்திர ரிப்போர்ட் ஓடும். க்ளவுட் ஜிராவில் நீக்கிய கஸ்டம் ஃபீல்டு 60 நாள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும். அதுக்கப்புறம், உள்ளே இருந்த தகவலோட சேர்த்துப் போயிடும்.

வொர்க்ஃப்ளோவிலும் கவனம் தேவை. ஒரே வொர்க்ஃப்ளோவைப் பல புராஜெக்ட்கள் பகிர்ந்துக்கலாம். ஒரு டீமுக்காக நீங்க மாற்றினது, சம்பந்தமே இல்லாத இன்னொரு டீமையும் பாதிக்கும். எத்தனை புராஜெக்ட்ல இருக்குன்னு பார்த்துட்டுக் கைவைங்க.

யார் கையில சாவி?

அட்மின் உரிமை யார் யாருக்கு இருக்குன்னு பாருங்க. தேவையில்லாதவங்களை, பேசிப் புரியவெச்சு நீக்குங்க. ஆனா, உங்களோட சேர்த்து இன்னொருத்தராவது இருக்கணும். நீங்க லீவு போடணும்ல!

கடைசியா ஒண்ணு... எதை, எதுக்காக மாற்றினீங்கன்னு ரெண்டு வரி எழுதிவைங்க. நாளைக்கு நீங்களும் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்புவீங்க பாஸ்!