உஷார்! உறைபனி பார்க்க பைக்கில் ஊட்டி ஏறுகிறீர்களா?

டிசம்பர் பிறந்தால் போதும், ஊட்டி உறைபனிப் படங்கள் கைபேசிகளில் சுற்ற ஆரம்பித்துவிடும். தலைகுந்தா புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். நிறுத்தி வைத்த பைக் சீட்டில் படிந்த பனியில் யாராவது விரலால் பெயர் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் இளைஞர்கள் போடும் திட்டம் ஒன்றுதான்: ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால் விடியும்போது பனியில் நிற்கலாம். தயவுசெய்து அந்தத் திட்டத்தை இப்போதே கைவிடுங்கள். பனியைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முந்தின நாள் பகலிலேயே ஏறுங்கள், தங்குங்கள், காலையில் நடந்து போய்ப் பாருங்கள். அந்த இருட்டில் இரண்டு சக்கரத்தில் மட்டும் ஏறாதீர்கள்.

இரவெல்லாம் இறங்கிக்கொண்டே வரும் குளிர் அடிமட்டத்தைத் தொடுவது சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான். சரியாக அந்த நேரத்துக்கு, மலையிலேயே குளிர் அதிகமான இடத்தைத் தேடி நீங்கள் போய்ச் சேருகிறீர்கள். மேட்டுப்பாளையத்தில் கிளம்பும்போது 18, 20 டிகிரி இருக்கும். ஒரு ஜெர்கின் போதும் என்றுதான் தோன்றும். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்துக்குள் சுமார் 1,900 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறீர்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி வீதம் குளிர் கூடும். அது போதாதென்று, மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் போய்த் தேங்கும். அதனால்தான் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா சிகரம் இருக்க, அதைவிடத் தாழ்வான தலைகுந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் பனி வெள்ளை வெளேரென்று உறைகிறது. மேட்டில் தாங்கிக்கொள்ள முடிந்த குளிர், சாலை ஒரு பள்ளத்தில் இறங்கியதும் சட்டென்று எலும்பைப் பிடிக்கும். வெளியூரிலிருந்து வருபவருக்கு அந்தப் பள்ளம் எங்கே வரும் என்று தெரியாது.

வானிலைச் செய்தியில் சொல்லும் டிகிரி, நின்றுகொண்டிருப்பவருக்கானது. ஓடும் பைக்கில் காற்றை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். 5 டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே. பூஜ்யம் டிகிரியில் 60 வேகத்தில் போனால், மைனஸ் 9 டிகிரியில் காற்றில்லாமல் நிற்பதற்குச் சமம்.

முதலில் செத்துப்போவது விரல்கள். இதயத்தையும் நுரையீரலையும் காப்பாற்ற உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். விரல் தோலின் சூடு 15 டிகிரி அளவுக்கு இறங்கினாலே நுணுக்கமான வேலை எதுவும் ஓடாது. இன்னும் இறங்கினால் தொடுவுணர்வே போய்விடும். கொஞ்ச நேரம் முன்புவரை குத்திக்கொண்டிருந்த வலி நின்றுவிட்டதே, குளிர் பழகிவிட்டது என்று நினைப்பீர்கள். பழகவில்லை, மரத்துவிட்டது.

குன்னூர் தாண்டி ஒரு டீக்கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். விடிந்தும் விடியாத நேரம். பைக்கிலிருந்து இறங்கிய பையனுக்கு இருபது வயது இருக்கும். ஹெல்மெட் பக்கிளைக் கழற்ற முடியவில்லை. விரல்கள் மோவாய்க்கு அடியில் தடவித் தடவி வழுக்குகின்றன. கடைசியில் கடைக்காரர் வெளியே வந்து, "நில்லு தம்பி" என்று தானே கழற்றிவிட்டார். டீ கிளாஸைப் பிடிக்க வராமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அழுத்திக் குடித்தான். பாதி ஜெர்கினில் சிந்தியது. "இப்ப ஓகேண்ணா, கிளம்பறேன்" என்றான். "இந்தக் கையோட எப்படிப்பா பிரேக் புடிப்பே? உக்காரு" என்று கடைக்காரர் வண்டிச் சாவியை எடுத்துக் கல்லாவில் போட்டுக்கொண்டார். அவர் செய்ததுதான் சரி. அதுவரை அத்தனை வளைவுகளையும் அந்தக் கையோடுதான் அவன் ஏறி வந்திருக்கிறான் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. மரத்த விரல் லீவரைத் தேடிப் பிடிக்க அரை நொடி கூடுதலாக ஆனாலும் ஐந்தரை மீட்டர் கைவிட்டுப் போகும். நீலகிரியில் காட்டெருமை சாலையில் நிற்பது அன்றாடம். மூடுபனியில் வளைவுக்கு அந்தப் பக்கம் அது நிற்கிறது என்றால் அந்த ஐந்தரை மீட்டரில்தான் உங்கள் உயிர் இருக்கிறது.

குளிர ஆரம்பித்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திக் கையுறையைக் கழற்றுங்கள். கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள், இரண்டு கையிலும். தொட வரவில்லை, அல்லது தொட்டதே தெரியவில்லை என்றால் பயணம் அங்கேயே நிற்க வேண்டும். அவசரப்பட்டு எஞ்சினிலோ சைலன்சரிலோ கையை வைக்காதீர்கள். மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். கைகளை அக்குளில் செருகிக்கொள்ளுங்கள். உணர்வு முழுதாகத் திரும்பும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

ஏறுவதைவிட இறங்குவது இன்னும் மோசம். மேட்டுப்பாளையம் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி மலைப்பாதையில் பலகை வைத்திருப்பது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும் என்பதற்காக. கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு சொற்பம். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்க வேண்டும். மரத்த கை லீவரைப் பிடித்தது பிடித்தபடி இருக்கும், எவ்வளவு அழுத்துகிறோம் என்றும் தெரியாது. டிரம் சூடேறிக்கொண்டே போய் ஒரு வளைவில் பிரேக் பிடிக்காமல் போகும். வாடகை ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு அதிகாலையில் மலை இறங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் வழிமறித்துச் சொல்லத் தோன்றுகிறது. கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கூடாது என்று தடையே இருக்கிறது. காவலர் இல்லாத நேரம் பார்த்து நுழையாதீர்கள். பந்திப்பூர், முதுமலை காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். பெங்களூரிலிருந்து வருபவர்கள் கேட் திறக்கக் காத்திருந்து, திறந்ததும் விட்ட நேரத்தைப் பிடிக்க விரட்டுகிறார்கள். வெயில் ஏறும்வரை கூடலூர்ப் பக்கமோ மசினகுடியிலோ உட்கார்ந்து ஒரு டிபன் சாப்பிட்டுவிட்டு ஏறினால் என்ன குறைந்துவிடும்?

பள்ளமான இடங்களில் சாலை ஈரமாகத் தெரிந்தால் அது தண்ணீரா, கண்ணாடிபோல் உறைந்த பனியா என்று ஹெட்லைட் வெளிச்சத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. அதன்மேல் பிரேக்கும் பிடிக்காதீர்கள், வண்டியைச் சாய்க்கவும் செய்யாதீர்கள். வேகத்தை முன்பே குறைத்து நேராகக் கடந்துவிடுங்கள்.

வழியோரத்தில் விற்கும் கம்பளிக் கையுறையை நம்பாதீர்கள். பின்னல் இடைவெளியில் காற்று நேராகப் புகும். ஆக்ஸிலேட்டரிலும் லீவரிலும் வழுக்கும். அதற்கு மேல் காற்றுப் புகாத உறை ஒன்று கட்டாயம் வேண்டும். ஜெர்கினுக்கு மேல் ரெயின்கோட் போடுங்கள். சட்டைக்கும் ஜெர்கினுக்கும் நடுவே நெஞ்சோடு செய்தித்தாளை மடித்துச் செருகுங்கள், காற்றை அருமையாகத் தடுக்கும். நெஞ்சு சூடாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் வரும். மூடுபனியில் நனைந்த ஜீன்ஸ் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், மாற்றுத் துணி இல்லாமல் கிளம்பாதீர்கள். குரங்குக் குல்லா ஹெல்மெட் ஆகாது.

இனி சொல்வதைத் தாய் தகப்பன்மார் கேளுங்கள். ஸ்கூட்டரில் முன்னால் குழந்தையை நிற்க வைத்துக்கொண்டு ஊட்டிக் குளிரில் போகிறார்கள். எதிர்காற்று முழுவதையும் அந்தப் பிஞ்சு உடம்புதான் வாங்குகிறது. உங்களுக்கு அது மறைப்பு, குழந்தைக்கு மறைப்பே இல்லை. சின்ன உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூட்டை இழக்கும், வாய்விட்டுச் சொல்லவும் தெரியாது. சமர்த்தாகத் தூங்கிவிட்டது என்று நீங்கள் நினைப்பது தூக்கமாக இல்லாமலும் போகலாம். பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. குழந்தையோடு குளிரில் பைக் வேண்டவே வேண்டாம்.

குளிருக்கு ஒரு கட்டிங் போட்டால் சரியாகிவிடும் என்பது உயிரைக் குடிக்கும் பொய். மது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரித்துவிடும். மேலே கதகதப்பாக இருக்கும், உள்ளே இருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். அறைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கரி மூட்டுவதும் அப்படித்தான். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார்.

ஊட்டியோடு நிற்காமல், இப்போது பலர் பைக்கோடு இமயமலையில் உள்ள மணாலி வரை போகிறார்கள். 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் குளிர்காலத்திலும் அங்கிருந்து லாஹௌல் பள்ளத்தாக்குக்கு வழி விடுகிறது. உள்ளே காய்ந்த சாலை, வெளியே வந்ததும் உறைந்த சாலை. பனி விழுந்த நாட்களில் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளை மட்டுமே அங்கே போலீஸ் விடுகிறது. பைக்கைக் கீழேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கூட வந்தவரைக் கவனித்துக்கொண்டே இருங்கள், முக்கியமாகப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை. உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனாலே ஆபத்து. முதலில் கிடுகிடுவென்று நடுங்குவார். பிறகு பேச்சு குழறும், நடை தடுமாறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். நடுக்கம் நின்றுவிட்டு ஆள் அமைதியாகிவிட்டால் தேறிவிட்டார் என்று எண்ணி மறுபடி வண்டியில் ஏற்றாதீர்கள், நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய் ஈரத்துணியைக் களைந்து, உலர்ந்த போர்வையால் தலையோடு சேர்த்து மூடுங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள். தானாக விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான டீ கொடுங்கள். யாராவது ஒருவர் உடனே 108-க்குப் போன் போடுங்கள். சிக்னல் இல்லையென்றால் வருகிற முதல் பஸ்ஸையோ காரையோ கை காட்டி நிறுத்துங்கள்.