‘நான்’ என்று தொடங்கி ‘இது’ என்று முடிந்த கடிதம்

1896 ஆகஸ்ட் 29. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில், சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டை ஒரு துண்டுக் கடிதத்தோடு விட்டுப் போனான். யாரும் விசனப்பட வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதுதான் கடிதத்தின் சாரம். முதல் வாக்கியத்தில் எழுதுகிறவன் ‘நான்’. அடுத்த வாக்கியத்திலேயே அவன் ‘இது’ ஆகிவிடுகிறான். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

அந்தப் பையன் வேங்கடராமன். இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள திருச்சுழியில், 1879 டிசம்பர் 30 அன்று வக்கீல் சுந்தரமய்யருக்கு மகனாகப் பிறந்தவன். உலகம் பின்னாளில் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. ஆன்மிகப் பக்கத்துக்கு உரியவருக்கு அறிவியல் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்தக் கடிதம்தான் காரணம். தன்னைப் பற்றி நினைக்கும்போது ‘நான்’ என்பதிலிருந்து ஓரடி விலகி நின்றால் மனசுக்கு என்ன ஆகிறது என்பதை, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, அமெரிக்காவின் மிச்சிகனில் சோதனைக்கூடத்தில் வைத்து அளந்து பார்த்தார்கள்.

நம்மில் பெரும்பாலோர் தலைக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி சொன்ன விளக்கம் இன்றும் செல்லுபடியாகிறது. சின்னக் குழந்தை விளையாடும்போது வாய்விட்டுத் தனக்குத்தானே பேசும். ‘இத இங்க வைக்கணும்... அய்யோ விழுந்திருச்சு!’ பள்ளிக்கூட வயதில் அந்தப் பேச்சு மெல்ல மெல்ல உள்ளே இறங்கிவிடுகிறது. குழந்தை அதை முதலில் கற்றுக்கொண்டதே சுற்றியிருந்தவர்களிடமிருந்துதான். ஆகவே உள்ளே ஒலிக்கும் குரலின் சொற்களில் மட்டுமல்ல, தொனியிலும் வெளியாட்களின் பங்கு இருக்கிறது. ‘உனக்கு எதுவும் விளங்காது’ என்று யாரோ எப்போதோ கத்தியது, கத்தியவர் மறந்த பிறகும் கேட்டவருக்குள் ஓடுகிறது.

விருதுநகர் மாவட்டத்தில் இந்தக் குரலுக்குத் தீனி போட ஒரு தனிக் காரணமும் உண்டு. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. 2023-இல் 97.85 சதவீதம். பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அந்த மிச்சம் 2.15 சதவீதத்தில் விழுந்த பிள்ளையின் தலைக்குள் என்ன ஓடும்? ‘நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேரு பாசாகுற ஊர்ல நான் மட்டும் துப்புக்கெட்டுப் போனேனே.’ எல்லோரும் தோற்கும் இடத்தில் தோற்பதைவிட, எவரும் தோற்காத இடத்தில் தோற்பது கசப்பு. தேர்வு முடிவு நாளில் தட்டி வைக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்தப் பேச்சுக்கு மூளையில் ஓர் இடமுண்டா? 2001-இல் செயின்ட் லூயிஸ் நகரில் மார்கஸ் ரெய்க்லும் அவருடைய குழுவினரும் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். நாம் எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் அடங்குவதற்குப் பதிலாகச் சுறுசுறுப்பாக இருக்கின்றன; வேலையில் கவனம் குவிந்ததும் அவை தணிகின்றன. நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டில் உள்ள பகுதியும், மூளையின் பின்புற நடுப்பகுதியும் இதில் முக்கியமானவை. தன்னைப் பற்றிய யோசனை, போன காலத்து நினைவு, வரப்போவதைப் பற்றிய கணக்கு எல்லாம் இங்கே நடக்கின்றன. 2010-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் கைப்பேசி வழியே, நேரம் காலம் இல்லாமல் இடைமறித்து, ‘இப்போது எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம், கை ஒன்றைச் செய்ய மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்த நேரங்களில் ஆட்கள் கூடுதலாகச் சந்தோஷமாக இருந்ததாகவும் தெரியவில்லை, குறைவாகத்தான் இருந்தார்கள். அலைகிற மனம் ஒரே குறையைச் செக்குமாடாகச் சுற்றத் தொடங்கும்போதுதான் அது நோயின் பக்கம் சாய்கிறது.

இதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் முதல் யூடியூப் பேச்சாளர் வரை எல்லோரும் தருகிற வைத்தியம் இரண்டு. முதலாவது, ‘அதை நினைக்காதே.’ மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குப் புதிதில்லை. டேனியல் வெக்னர் 1987-இல் குரங்குக்குப் பதிலாக வெள்ளைக் கரடியை வைத்து அதே சோதனையைச் செய்தார். ஐந்து நிமிடம் கரடியை நினைக்காமல் இருக்கச் சொல்லி, நினைப்பு வரும்போதெல்லாம் மணி அடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், ‘இனி தாராளமாக நினைக்கலாம்’ என்று விட்ட பிறகு, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைக் காட்டிலும் இவர்களுக்குக் கரடி அதிகம் வந்தது.

இரண்டாவது வைத்தியம், கண்ணாடி முன் நின்று தன்னைப் புகழ்ந்துகொள்வது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோவன் வுட் 2009-இல் இதைச் சோதித்தார். ‘நான் அன்புக்குரியவள்’ என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது, ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நல்லது நடந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கோ மனநிலை இன்னும் கெட்டது. மனசு நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, உள்ளே இருப்பது உடனே எதிர்வாதத்துக்கு எழுந்துவிடுகிறது. யாருக்கு மருந்து தேவையோ அவருக்கே ஒவ்வாத மருந்து.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் செய்த சோதனைகள் இங்கேதான் சுவாரசியமாகின்றன. ஆட்களை அழைத்து, ‘நீங்கள் ஆசைப்படும் வேலைக்கு நீங்கள் ஏன் தகுதியானவர் என்று நிபுணர்கள் முன்னால் பேச வேண்டும், தயாராக ஐந்து நிமிடம், குறிப்பு எடுத்துப் போகக் கூடாது’ என்றார்கள். வயிறு கலங்க இது போதும். பிறகு பாதிப் பேரிடம், உங்கள் பதற்றத்தை ‘நான் ஏன் பயப்படுகிறேன்?’ என்று யோசியுங்கள் என்றார்கள். மறுபாதியிடம், உங்கள் பெயரையே சொல்லி, வேறொருவரை விசாரிப்பதுபோல யோசியுங்கள் என்றார்கள். பெயர் சொல்லி யோசித்தவர்கள் மேலாகப் பேசினார்கள். பேசி முடித்த பிறகு ‘சொதப்பிவிட்டேனே’ என்று அரைத்துக்கொண்டிருப்பதும் அவர்களிடம் குறைவாக இருந்தது. 2014-இல் இந்த முடிவு வெளியானது. 2017-இல் ஜேசன் மோசரும் கிராஸும் மூளையையே பார்த்தார்கள். மனசைக் கலக்கும் படங்களைக் காட்டியபோது, தன்னைப் படர்க்கையில் வைத்து யோசித்தவர்களின் மூளை அலைகளில் கலக்கம் ஒரு நொடிக்குள் தணிந்தது. வலிக்கும் பழைய நினைவுகளையும் அதேபோலப் படர்க்கையில் அசைபோடச் சொன்னபோது, நெற்றிக்குப் பின்னாலுள்ள அந்த ‘தன்னைப் பற்றிய’ பகுதி அவ்வளவாகக் கொதிக்கவில்லை. மனசை அடக்க வழக்கமாகப் பாடுபடும் பகுதிகள் கூடுதலாக உழைத்த தடயமும் இல்லை. ஆக, பல்லைக் கடிக்காமலே கிடைத்த ஆறுதல்.

தமிழ் படித்தவர்களுக்கு இது வேற்றுமொழிச் சரக்காகத் தோன்றாது. திருக்குறளின் 125-ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பே நெஞ்சொடு கிளத்தல். நெஞ்சை எதிரே உட்காரவைத்து, கேள்வி கேட்டு, கோபித்து, சமாதானம் சொல்வது அகப்பாட்டிலும் பக்திப் பாட்டிலும் பழகிய முறை. ஆனால் ஓர் எச்சரிக்கை. விலகி நிற்பது மட்டுமே போதாது. ‘ஏலே, நீ எதுக்கும் லாயக்கில்ல’ என்பதும் முன்னிலைதான்; நம்மை வதைக்கும் குரல் பெரும்பாலும் அந்த வடிவில்தான் வருகிறது. கிராஸின் சோதனையில் பெயர் சொல்லி அழைத்தவர்கள் தங்களை ஏசவில்லை, விசாரித்தார்கள். பதறிப்போய் வந்த சிநேகிதனிடம் பேசும் தொனி அது.

வேங்கடராமன் இதைத் தாண்டி வேறு எங்கோ போனார். வீட்டைவிட்டுக் கிளம்புவதற்குச் சுமார் ஆறு வாரம் முன்பு, 1896 ஜூலையில், மாடி அறையில் தனியே இருந்தபோது திடீரென்று சாவு பயம் பிடித்தது. உடம்பில் எந்த நோயும் இல்லை. அவர் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, வாயை மூடி, சாவது எது என்று பார்த்தார். இன்றைய மருத்துவர் ஒருவர் அதற்கு வேறு பெயர் வைக்கக்கூடும்; அந்தத் தீர்ப்பு சொல்ல எனக்கு விருப்பமில்லை. பயத்திலிருந்து ஓடாமல் அதன் உடல் அறிகுறிகளுக்குள்ளேயே போய்ப் பார்ப்பது இன்று திகில் தாக்குதல்களுக்கான சிகிச்சையிலும் ஒரு வழி என்பதை மட்டும் குறிப்பிடலாம். திருவண்ணாமலையில் 1901-02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, மௌனமாக இருந்த ரமணர் எழுதிக்காட்டிய பதில்களே பின்னர் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. எண்ணம் எழுந்தால் அதைத் துரத்திப் போகாதே, அது யாருக்கு எழுந்தது என்று பார் என்பது அதன் வழி. எண்ணம் உண்மையா பொய்யா என்ற வழக்கே அங்கே இல்லை. சோதனைக்கூடம் ‘நான்’ என்பதை ஓரடி தள்ளிவைத்து மேடைப் பேச்சைச் சமாளிக்கச் சொல்கிறது. ரமணருக்கு அந்த ‘நான்’ மிஞ்சுகிறதா என்பதே கேள்வி. இரண்டையும் ஒன்றென்று சொன்னால் இரண்டுக்கும் அநியாயம். 2011-இல் ஜட்சன் புரூவர் குழு, நெடுநாள் தியானம் செய்தவர்களிடம் அந்தத் தற்சிந்தனைப் பகுதிகள் தணிந்திருப்பதைக் கண்டது. தியானத்தால் தணிந்ததா, தணிந்த இயல்புள்ளவர்கள்தான் தியானத்தில் நிலைத்தார்களா என்பதை அந்த ஆய்வு மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

திருச்சுழியிலிருந்து மேற்கே சிவகாசிக்கு வந்தால் கேள்வி கடினமாகிறது. இங்கே பயம் பல நேரம் பொய் சொல்வதில்லை. பட்டாசு ஆலையில் வெடிமருந்து அடைக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, பருத்தி உடைதான் உடுத்த வேண்டும், உள்ளே போகுமுன் வாசலில் உள்ள செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும் என்ற விதிகள் எல்லாம், ஓர் உராய்வு என்ன செய்யும் என்ற பயத்திலிருந்து பிறந்தவை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் செத்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளிகளே அல்ல. சத்தம் கேட்டு ஓடிவந்த ஊர்க்காரர்கள். அப்படியொரு நாளுக்குப் பிறகு பிழைத்திருப்பவருக்குள் ‘நான் அவனைக் கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா’ என்று ஒரு வாக்கியம் எழுவது மனக்கோளாறு அல்ல, துக்கம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் சேர்க்கும் பேரியம் நைட்ரேட்டுக்குத் தடை விதித்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வேலையில்லாமல் வீட்டில் இருந்த பெண்ணிடம் போய் நேர்மறையாக யோசியுங்கள் என்று சொல்லியிருந்தால், அது ஆலோசனையாக இருந்திருக்காது, கேலியாக இருந்திருக்கும்.

அதனால் இங்கே உதவும் கேள்வி வேறு. இந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் செய்ய ஏதாவது இருக்கிறதா? ‘என் ராசி அவ்வளவுதான், என்னால யாருக்கும் நல்லதில்ல’ என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதை ஓரடி தள்ளி நின்று, பெயர் சொல்லி விசாரிக்கலாம். அது இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கத்தையும் பசியையும் கெடுத்தால், விசாரிக்க வேறொருவர் வேண்டும்: 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம். ‘வாசல் தகட்டோட எர்த் கம்பி அறுந்து கிடக்கு, பயமா இருக்கு’ என்பது வேறு வகை. அந்தப் பயத்தைத் தணிக்கவே கூடாது. போர்மேனிடம் சொல்ல வேண்டும், கம்பி மாட்டும் வரை உள்ளே கால் வைக்கக் கூடாது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவருக்கு அதனால் அரைநாள் வருமானம் போகும். அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் உளவியலாளர்கள் அல்ல. தொழிற்சாலை ஆய்வாளரும் கூலியை நிர்ணயிப்பவர்களும்.