இரட்டைச் சூரியன்களின் நிழலில் கோள் பிறக்குமா?

மே மாத இறுதியில், இரவு பத்து மணியளவில், புதுக்கோட்டைச் சீமையின் ஏதேனும் ஒரு கண்மாய்க் கரையில் நின்று தெற்கே நோக்குங்கள். தொடுவானத்திற்குச் சற்று மேலே ஒளிமிக்க இரு விண்மீன்கள் அருகருகே தோன்றும். இடப்பக்கம் உள்ளது ஆல்பா சென்டாரி. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது, உண்மையில் இரட்டை விண்மீன். 1689 டிசம்பரில், புதுச்சேரியிலிருந்து வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் ஆராய்ந்துகொண்டிருந்த ரிஷோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இதைக் கண்டறிந்தார்.

அவ்விரு விண்மீன்களையும் ஏ, பி என்பர். அவை ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவை ஒரு வானியல் அலகு என்கிறோம். அவை நெருங்கும்போது இடைவெளி சுமார் 11 அலகு. விலகும்போது 36 அலகு. நம் சனிக்கோள் சூரியனிலிருந்து 9.5 அலகுத் தொலைவில் இருக்கிறது. இவ்வளவு நெருக்கத்தில் கோள்கள் பிறக்க முடியுமா?

இளம் விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசும் தட்டையான வட்டாகச் சுழல்கின்றன. தூசு ஒட்டிக் கல்லாகி, கல் சேர்ந்து பாறையாகி, பாறைகள் திரண்டு கோளாகின்றன. தனி விண்மீனின் வட்டு பெரும்பாலும் சில பத்து லட்சம் ஆண்டுகள் நிலைக்கிறது.

துணை விண்மீன் அருகில் இருந்தால் நிலைமை மாறுகிறது. அதன் ஈர்ப்பு, வட்டின் வெளிப்பகுதியைக் கத்தரித்துவிடுகிறது. எஞ்சும் வட்டு, இரு விண்மீன்களின் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். உள்வட்டின் வாயுவைத் தாய் விண்மீன் இடைவிடாது ஈர்த்துக்கொள்கிறது. அதை ஈடுசெய்ய வெளியிலிருந்து வாயு வருவதில்லை. வரத்துக்கால் அடைபட்ட கண்மாய் விரைவில் வற்றுவதைப் போல, இத்தகைய வட்டுகள் பலவும் பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே மறைந்துவிடுகின்றன. மேலும், துணை விண்மீனின் ஈர்ப்பால் பாறைகளின் பாதைகள் குலைகின்றன. வேகமாக மோதும் பாறைகள் சேர்வதற்குப் பதில் சிதறுகின்றன.

இரு விண்மீன்களும் மிக நெருங்கியிருந்தால், வட்டு இரண்டையும் சேர்த்தே சூழ்கிறது. 2011இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16 கோள் அப்படி இரு சூரியன்களைச் சுற்றுவதே.

ஆல்பா சென்டாரியில் என்ன நடந்தது? 2024 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, ஏ விண்மீனின் அருகே, ஏறத்தாழ 2 வானியல் அலகுத் தொலைவில், மங்கிய புள்ளி ஒன்றைப் படம்பிடித்தது. அது சனியையொத்த நிறையுள்ள வாயுக்கோளாக இருக்கலாம் என்று 2025இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஆனால் அவ்வாண்டு மீண்டும் நோக்கியபோது அது தென்படவில்லை. விண்மீனுக்கு மிக அருகே சென்று மறைந்திருக்கக்கூடும் என்றனர். அது கோள்தான் என உறுதியாகுமானால், கத்தரிக்கப்பட்ட சிறு வட்டிலும், குறுகிய காலத்தில், பெருங்கோள் ஒன்று உருவாக முடியும் என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே ஒரு சான்று கிடைத்துவிடும்.