கூடத்துப் படமும் கொல்லைக் கல்லும்

மண்ணச்சநல்லூரில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் இரவிவர்மாவின் இலட்சுமி படம் தொங்கியது. எங்கள் வீட்டை எண்ணி அவர் அதனை எழுதினாரல்லர். 1894-இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சுக்கூடத்தின் வழிவந்த கல்லச்சுப் படம் அது. எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டா என்னும் எளிய உண்மையே கல்லச்சின் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் பசை மையால் வரைந்து, கல்லை நனைத்து, மையுருளையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டுமே மை பற்றும். வண்ணத்துக்கொரு கல், அத்தனையும் மயிரிழை பிறழாமல் ஒன்றன்மேல் ஒன்று பதிய வேண்டும். அரண்மனைகளுக்கே உரியதாயிருந்த ஓவியம் இவ்வாறு அரிசி வியாபாரியின் கூடத்துக்கும் வந்தது. எச்சுவரிலும் அது அந்நியமன்று.

மாணவர்களே, இதற்கு நேர்மாறான கலையும் உண்டு. ஓரிடத்துக்கென்றே ஆக்கப்படுவது, பெயர்த்தால் பொருள் குன்றுவது. 2012 டிசம்பர் 12-இல் கொச்சி-முசிறி ஈராண்டுக் கலைவிழா முதன்முறையாகத் தொடங்கியது. அப்போது பணியிலிருந்த நான், அரையாண்டு விடுமுறையில், பாதி ஐயத்தோடுதான் சென்றேன். கடலோரத்து ஆஸ்பின்வால் மாளிகையில் பெரும்பகுதி நடந்தது. 1867-இல் தோன்றிய வணிக நிறுவனம் மிளகும் இஞ்சியும் ஏற்றுமதி செய்த கட்டடம் அது. விவான் சுந்தரம் என்னும் கலைஞர், பட்டணம் அகழாய்வில் வெளிப்பட்ட பானையோடுகளைத் தரையில் பரப்பி, ஒரு நகரமாகவே அமைத்திருந்தார். சங்கப் புலவர் பாடிய முசிறி அதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மிளகு வணிகர் வீட்டில் அல்லாமல் வேறெங்கு வைத்தாலும் அவை வெறும் ஓடுகளே.

ஷீலா கௌடாவும் கிறிஸ்டோஃப் ஸ்டோர்ட்ஸும் அமைத்ததைக் கண்டபோதுதான் என் ஐயம் அகன்றது. பெங்களூர்த் தெருக்களில் கைவிடப்பட்ட 170 அரைகற்கள்! மின்சார எந்திரம் வந்தபின் வேண்டாதவையாகிவிட்டவை; உடைக்கவோ மனம் வராதவை. சரக்குகள் தங்கிச் சென்ற வீட்டில் அவையும் வந்து தங்கியிருந்தன. அவற்றினிடையே நெடுநேரம் நின்றேன்.

எங்கள் வீட்டை விற்றபோது இலட்சுமி படத்தைத் தங்கை எடுத்துச் சென்றாள். அவள் வீட்டிலும் அது பொருந்தியே இருக்கிறது. அம்மாவின் ஆட்டுக்கல்லை மட்டும் நால்வர் தூக்கிக் கொல்லைப்புறத் தெருவில் வைத்தனர். வேண்டாமென்று சொன்னவன் நானே.

ஊர் திரும்பியதும் அத்தெருவுக்குப் போனேன். வீடிருந்த இடத்தில் நெல் கிடங்கு எழுந்திருந்தது. கல் மட்டும் அங்கேயே கிடந்தது. குழியில் நின்ற மழைநீரை ஒரு காகம் குடித்துக்கொண்டிருந்தது.