நேபாளம்: ஒரு பொட்டலம் உப்பு மலையேறுவது எப்படி?

நேபாளத்துக்குக் கடல் இல்லை. அந்நாட்டு மக்கள் சமையலுக்குப் பயன்படுத்தும் உப்பு இந்தியாவிலிருந்துதான் செல்கிறது. அது மலைக் கிராமத்து அடுப்படியை அடையும் வழியைப் பார்த்தால், மலைநாட்டில் பொருள் விநியோகம் எவ்வளவு சிரமமானது என்பது விளங்கும்.

எல்லையிலிருந்து மலைக்கு

இந்திய எல்லையை ஒட்டிய பீர்கஞ்ச், நேபாளத்தின் முக்கிய வணிக வாசல். பிற நாட்டுச் சரக்குகளும் கொல்கத்தா துறைமுகத்தில் இறங்கி, சுமார் 700 கி.மீ. ரயிலில் வந்து இங்கே சேர்கின்றன. பிறகு லாரிப் பயணம். காட்மாண்டு செல்லும் லாரிகள் திரிசூலி ஆற்றங்கரைச் சாலையில் ஏற வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் போக்குவரத்து நின்றுவிடும். 2024 ஜூலையில் ஏற்பட்ட மண்சரிவு இரண்டு பேருந்துகளையே ஆற்றில் தள்ளியது.

சாலை முடிந்த பிறகு

சாலை எட்டாத ஊர்களுக்குக் கோவேறு கழுதைகளும் சுமைகூலிகளும்தான் வழி. 'டோகோ' எனும் மூங்கில் கூடையை முதுகில் வைத்து, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமப்பார்கள். ஒவ்வொரு நாள் நடைக்கும் கூலி விலையில் ஏறும். ஹும்லா மாவட்டத் தலைநகர் சிமிகோட்டுக்கு நெடுங்காலம் சிறிய விமானத்தில்தான் அரிசி போனது. ஆக, வருமானம் குறைந்தவர்களே அதிக விலை கொடுக்க நேர்கிறது.

உப்புக்கு மட்டும் சலுகை ஏன்?

முன்பு திபெத் உப்பு யாக், ஆடுகளின் முதுகில் வந்தது. தானியம் கொடுத்து அதை வாங்கினார்கள். மலைவாசிகளின் உணவில் அயோடின் குறைவு. அதனால் கழுத்துக் கழலை நோய் பரவலாக இருந்தது. 1963-இல் அரசும் தனியாரும் பங்குதாரர்களாகச் சால்ட் டிரேடிங் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. பின்னர் அயோடின் கலந்த உப்பை அது நாடெங்கும் கொண்டு சென்றது. தொலைதூர மாவட்டங்களுக்கான போக்குவரத்துச் செலவுக்கு அரசு மானியம் தருகிறது. வியாபாரியின் லாபக் கணக்குக்கு மட்டும் விட்டிருந்தால், அந்த உப்பு மிகவும் தேவைப்பட்டவர்களுக்கே எட்டாமல் போயிருக்கும்.

வாசல் அடைபட்டால்

2015 செப்டம்பரில் தொடங்கிய எல்லை முடக்கம் பல மாதங்கள் நீடித்தது. எரிவாயு கிடைக்காமல் காட்மாண்டு வீடுகளிலும் விறகு அடுப்பு எரிந்தது; சிலிண்டர்கள் பாதி நிரப்பியே வழங்கப்பட்டன. 2019-இல் மோதிஹாரியிலிருந்து 69 கி.மீ. எரிபொருள் குழாய் வந்தது. சமையல் எரிவாயுவோ இன்னும் லாரியில்தான் வருகிறது.

சாலை போடுவதோடு வேலை முடிவதில்லை. மழைக்கு முன்பே மலையில் இருப்பு வைக்கக் கிடங்கும், கடைசி நடைக்கான செலவை ஏற்க ஒரு கையும் வேண்டும்.