சில்லறைத் தொல்லைகள்

நூல் விலை ஏறினால் தீர்மானம் நிறைவேற்றுகிறோம். மானியம் வரத் தாமதமானால் மனு அனுப்புகிறோம். பருவமழை பொய்த்தாலும் பருத்தி விலை சரிந்தாலும் மாநாடு கூட்டிப் பேசுகிறோம். இவையெல்லாம் பெருந்தொல்லைகள். இவற்றுக்கு மேடை உண்டு, தலைமையுரை உண்டு, இறுதியில் நன்றி கூறலும் உண்டு. ஆனால், எந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் இடம் பெறாத தொல்லைகள் வேறு சில இருக்கின்றன. விரலை வைத்தால் ரேகையை ஏற்க மறுக்கும் இயந்திரம். 'சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்' என்ற பதில். கைப்பேசிக்கு வரவேண்டிய நேரத்தில் வராத ஓ.டி.பி. எண், வாங்கிய மூன்றாம் நாளே நின்றுபோகும் மின்விசிறி, 'சில்லறை இல்லை' என்று கையில் திணிக்கப்படும் மிட்டாய். இவற்றைச் சில்லறைத் தொல்லைகள் என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நாம், அங்கத்தினர்களிடமிருந்து மிகுதியாகக் கேட்பது இவற்றைப் பற்றித்தான். பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் பார்த்து முடித்தபின், அவர்களோடு திண்ணையில் அமர்ந்தால், பெரிய குறைகளை அவர்கள் பொறுமையோடு சொல்லுகிறார்கள். சிறிய குறைகளைச் சொல்லும்போதுதான் அவர்களது குரல் உயருகிறது. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தறியில் இழை அறுந்தால் நெசவாளர் அதைத் தாமே முடிந்துகொள்கிறார். ஏற்றத்தில் கயிறு அறுந்த காலத்தில் விவசாயி அதைத் தாமே கட்டிக்கொண்டார். கைக்கு எட்டிய குற்றம் கோபத்தைத் தருவதில்லை. இன்றைய இயந்திரமோ 'மீண்டும் முயல்க' என்று மட்டும் சொல்லி நிற்கிறது. எந்த இழை அறுந்தது என்று தெரியவில்லை. முடிவதற்கு முனையும் அகப்படவில்லை. அதனால்தான் மனம் எரிகிறது.

இத்தொல்லைகள் உண்மையிலேயே சிறியவைதாமா என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளக்காரர் ஒருவர் வங்கியில் இரண்டு மணி நேரம் நின்றால் அவருக்குப் பொறுமை போகும், சம்பளம் போகாது. நெய்த அளவுக்கே கூலி பெறும் நெசவாளரின் நிலை வேறு. அவர் நிற்கும் நேரமெல்லாம் தறியும் நிற்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இவ்வாறு வீணாவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 104 மணி நேரம் ஆகிறது. எட்டு மணி நேரத்தை ஒரு வேலைநாளாகக் கொண்டால் அது 13 நாட்களாகும். நூறு அங்கத்தினர் உள்ள சங்கத்தில் 1,300 வேலைநாட்கள்! ஒரு சங்கத்தில் இத்தனை நாள் தறிகள் வேலைநிறுத்தத்தால் நின்றிருந்தால் நாடே அறிந்திருக்கும். வரிசையில் நின்று கழிந்ததால் ஒருவரும் அறியவில்லை.

கூட்டுறவு இயக்கம் பிறந்த கதையையும் இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். இங்கிலாந்தில் ரோச்டேல் நகரில், 1844 டிசம்பர் 21-இல், 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். அவர்களில் நெசவாளர்கள் பலர் இருந்தனர். அவர்கள் விற்றவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி போன்ற அன்றாடப் பொருள்களே. கலப்படமான மாவும், குறைந்த எடையும், தீராத கடன்பற்றும் அக்காலத் தொழிலாளர் வீடுகளை வாட்டிய அன்றாடத் தொல்லைகள். ஒவ்வொருவரும் தனித்தனியே கடைக்காரரோடு சண்டையிட்டிருந்தால், சண்டைதான் மிஞ்சியிருக்கும். கூடி நின்று, கலப்படமற்ற பொருள், சரியான எடை என்ற விதியை வகுத்துக்கொண்டதால் ஓர் உலக இயக்கம் பிறந்தது. நம் நாட்டில் 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கமும், நுகர்வோர் தம் அன்றாடத் தேவைக்காகக் கூடி அமைத்ததே. ஆகவே, சில்லறைத் தொல்லை கூட்டுறவாளருக்குப் புறம்பான விஷயம் அன்று. இயக்கத்தின் விதையே அதுதான்.

புதுமை வரும்போது தொல்லையும் உடன் வருவது இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1957 ஏப்ரல் முதல் தேதி தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. ஓர் அணாவுக்குச் சரியான மதிப்பு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்று மாற்று அட்டவணை வகுக்கப்பட்டது. அந்த அட்டவணையைப் பார்த்து விளங்கிக்கொண்டவர்கள் ஏமாறவில்லை. புதுமையால் விளையும் தொல்லையைத் தீர்ப்பது, விளக்கிச் சொல்ல அருகில் ஒருவர் இருப்பதே. இன்றும் அதுதான் குறைகிறது.

இப்பொழுது நம்மவரை மிகவும் வாட்டும் கைரேகை இயந்திரத்தைப் பார்ப்போம். நூலை நாள்தோறும் இழுத்தும் முடிந்தும் பழகிய விரல்களிலும், மண்வெட்டி பிடித்த விரல்களிலும், முதியோர் விரல்களிலும் ரேகை மேடுகள் தேய்ந்துவிடுகின்றன. சாயத்திலும் சுண்ணாம்பிலும் வேலை செய்வோருக்குத் தோல் வறண்டு வெடிக்கிறது. இயந்திரம் ரேகையைக் காணாமல் மறுக்கிறது. இதில் அங்கத்தினரின் குற்றம் சிறிதும் இல்லை; உழைத்ததுதான் குற்றம் என்றால் அதை ஒப்புக்கொள்ள நாம் ஆயத்தமாக இல்லை. கையை நன்கு கழுவித் துடைத்து, வறண்ட விரலைச் சற்றே ஈரப்படுத்தி, பத்து விரல்களையும் முறையே வைத்துப் பார்ப்பது முதல் வழி. ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்வது இரண்டாம் வழி. கருவிழிப் பதிவோ, கைப்பேசி எண்ணோ ஏற்கப்படும் இடங்களில் அவற்றைக் கேட்டுப் பெறுவது மூன்றாம் வழி.

இவை யாவும் பயன்படாவிட்டால்? ரேகை பதியவில்லை என்ற ஒரே காரணத்தால் உரியவருக்கு ரேஷன் பொருளை மறுக்கலாகாது என்று 2017 அக்டோபரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இதை அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டும். அவரினும் கடைச் சிப்பந்தி நன்றாக அறிந்திருக்க வேண்டும். இங்கே நாம் வெட்கத்தோடு எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்களே. திருப்பி அனுப்பப்படும் மூதாட்டி ஒரு சங்கத்தின் அங்கத்தினர். திருப்பி அனுப்புபவர் மற்றொரு சங்கத்தின் ஊழியர். நம் கையே நம் கையைத் தட்டிவிடுகிறது.

அடுத்தது பணம் பற்றியது. கூலியும் விளைபொருட் கிரயமும் வங்கிக் கணக்கில் வந்து சேரும் இந்நாளில், ஏ.டி.எம். இயந்திரம் பணத்தைத் தராமல் கணக்கில் மட்டும் பற்று எழுதிவிடுவது உண்டு. பலர் இதைத் தலைவிதி என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். 2019 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, அவ்வாறு பிடித்த தொகையை ஐந்து நாட்களுக்குள் வங்கியே கணக்கில் திருப்பி வைக்க வேண்டும். தவறினால், அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும். யு.பி.ஐ. வழியே ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால், மறுநாளைக்குள் அது திரும்ப வேண்டும். தாமதத்துக்கு இங்கும் அதே 100 ரூபாய்தான். கிளையில் எழுத்து மூலம் முறையிட்டு 30 நாட்களாகியும் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இதற்கெல்லாம் வேண்டியவை தேதியும், நேரமும், இயந்திரம் தந்த சீட்டும்தான். அச்சீட்டை வாசலிலேயே கசக்கி எறிபவர் தம் சாட்சியைத் தாமே கொன்றவராவார்.

சேலை விற்பவரும் காய்கறி விற்பவரும் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இன்னொன்று. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. கொடுப்பதற்கு மட்டுமே அது தேவை. 'உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், எண்ணை அழுத்துங்கள்' என்று எவர் சொன்னாலும் அவர் பறிக்க வந்தவரே. இதை அச்சிட்டுச் சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

வாங்குவோராக நமக்குள்ள உரிமைகளும் சில உண்டு. ரசீது தர மறுப்பதும், குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறைகளாகும். விதை முளைக்காமற்போனால் விவசாயி நுகர்வோர் ஆணையத்தை அணுகலாமா என்ற ஐயம் பலகாலம் இருந்தது. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே, விதைப் பையின் சீட்டையும் ரசீதையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்த வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருள் பற்றிய புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

பிறரால் நமக்கு நேரும் தொல்லைகளைப் பேசினோம். நம்மால் பிறருக்கு நேர்வனவற்றையும் பேசுவதே நியாயம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகை நம் விற்பனை நிலையங்கள் சிலவற்றிலேயே தொங்குவதைக் காண்கிறோம். மனம் மாறி வருபவரின் சேலையை மாற்றித் தருவது கடையின் விருப்பம். ஆனால் சாயம் போன சேலையை, அளவு குறைந்த வேட்டியைத் திருப்பிக் கொண்டுவருபவரை அப்பலகையைக் காட்டி அனுப்புவது சட்டத்துக்கும் முரண், கூட்டுறவுக்கும் முரண். அன்றே முடிந்துபோன தள்ளுபடியின் விளம்பரத்தை வாசலில் விட்டுவைப்பதும், ரசீதில் முழ அளவையும் நூல் நம்பரையும் குறிக்காமல் விடுவதும் அவ்வகையைச் சேர்ந்தவையே. கிடங்கில் உள்ள மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை பெற வேண்டும். முத்திரை காலாவதியான தராசில் அங்கத்தினரின் பருத்தியை நிறுத்துவிட்டு, வெளி வியாபாரியின் தராசைக் குறைசொல்ல நமக்கு வாய் ஏது?

இனி, சங்கங்கள் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம். இவற்றுக்கு அரசாங்க உத்தரவோ பெருந்தொகையோ வேண்டுவதில்லை.

முதலாவது, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, 'சில்லறைக் குறைகள் பதிவேடு' என்று பெயரிட்டு, அங்கத்தினர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். தேதி, குறை, எங்கே நேர்ந்தது, எத்தனை மணி நேரம் வீணாயிற்று என்ற நான்கு கட்டங்கள் போதும். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுத வேண்டும். ஒருவர் சொன்னால் முணுமுணுப்பு. ஒரே இயந்திரத்தைப் பற்றி முப்பது பேர் தேதியிட்டு எழுதினால் அது சான்று. அதைச் சங்கத்தின் கடிதத்தோடு அனுப்பினால், எந்த அலுவலகமும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

இரண்டாவது, கூலிப் பட்டுவாடா நாளில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்க வேண்டும். அங்கத்தினர் வீடுகளில் படித்த பெண்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் இருவர், முறைவைத்து, மற்றவர்களுக்குக் கைப்பேசி விவரங்களை விளக்கலாம். புகார் மனு எழுதித் தரலாம். எவருடைய இரகசிய எண்ணையும் கேட்கக்கூடாது என்பது அவர்களுக்கு முதல் விதி.

மூன்றாவது, நிர்வாகக் குழுவின் மாதக் கூட்டத்தில் முதற்பொருளாக இப்பதிவேட்டை வாசிக்க வேண்டும். இறுதிப் பொருளாக வைத்தால் காபி வந்துவிடும், கூட்டம் கலைந்துவிடும். சங்கத்தின் மீதே எழுதப்பட்ட குறைகளை முன்னதாகவும், பிறர் மீது எழுதப்பட்டவற்றைப் பின்னதாகவும் எடுத்துக்கொள்வது முறை. தீர்க்கப்பட்ட குறைக்கு எதிரே தேதியிட்டுத் தலைவர் கையொப்பமிட வேண்டும்.

தொல்லையே இல்லாத நாள் ஒன்று வரும் என்று நாம் சொல்ல வரவில்லை. இயந்திரங்கள் இன்னும் பெருகும்; அவற்றோடு புதுத் தொல்லைகளும் வரும். அவற்றை ஒவ்வொருவரும் தனியே சுமப்பதா, கூடிச் சுமப்பதா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. இனி எந்தச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றாலும், ரொக்கப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக நாம் கேட்கப்போவது அந்த நாற்பது பக்க நோட்டைத்தான். அதில் ஒரு வரியும் எழுதப்படாமல் இருந்தால், அச்சங்கத்தில் குறைகளே இல்லை என்று கொள்ளமாட்டோம். கேட்பாரில்லை என்றே கொள்வோம்.